‘ரெண்டே நாள்ல ஷெட் நிறுத்திடலாம்!’ - இரும்புச் சட்டங்களை எந்த வரிசையில் ஏற்ற வேண்டும், ஏன்?

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் வட்டாரத்தை நைட்டி இல்லாமல் யாரும் பேச மாட்டார்கள். வீட்டு மாடியில் நாலு தையல் மெஷினோடு தொடங்கும் தொழில், ஆர்டர் கூடும்போது மாடிக்குள் அடங்காது. கட்டிங் டேபிளுக்கு இடம் வேண்டும், பேல் இறக்க லாரி உள்ளே வர வேண்டும். அப்போது கண்ணுக்குத் தெரியும் ஒரே வழி ஷெட். கான்கிரீட் கட்டடம் என்றால் மாதக்கணக்கு. இரும்பு ஷெட் என்றால் வாரக்கணக்கு. தூண்களும் உத்தரங்களும் வேறெங்கோ தயாராகி லாரியில் வந்து இறங்கும். ஒரு கிரேன், எட்டு பத்து ஆட்கள், மேலே கலர் ஷீட். முடிந்தது.

“எதுக்கு அண்ணாச்சி பத்து நாளு? ரெண்டே நாள்ல நிறுத்திக் குடுத்துருவோம்” என்று ஃபேப்ரிகேஷன் காண்ட்ராக்டர் சொல்வார். முதலாளிக்கும் அது இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால், அந்த இரண்டு நாளில் எது முதலில் நிற்கிறது, எது அதைப் பிடித்துக்கொள்கிறது, கிரேன் கொக்கியை எப்போது கழற்றுகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. காகிதத்தில் எழுதி வைப்பதும் இல்லை. “பாத்துக்கலாம்” என்பதுதான் பல இடங்களில் திட்டம்.

இன்ஜினீயர் கையெழுத்து எந்த ஷெட்டுக்கு?

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஷெட் பலமாக இருக்கும் என்று வடிவமைப்பு இன்ஜினீயர் போடும் கையெழுத்து, எல்லா போல்ட்டும் முடுக்கி, எல்லா பிரேசிங்கும் மாட்டி, முழுதாக நிற்கும் ஷெட்டுக்கானது. முதல் நாள் மாலை நாலு தூணும் இரண்டு உத்தரமும் மட்டும் நிற்கிறதே, அந்தப் பாதி ஷெட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அது வேறொரு கட்டமைப்பு. அதன் பலத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுங்கள். நெட்டுக்குத்தாக, அதாவது விளிம்பு மேலே இருக்கும்படி இரண்டு முனையிலும் பிடித்து நடுவில் அழுத்திப் பாருங்கள். ஸ்கேல் கீழ்நோக்கி வளையாது. பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு சாயும். நடுவில் யாராவது இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டால், அதே ஸ்கேல் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். ஷெட்டின் உத்தரமும் (ராஃப்டர்) அப்படித்தான். அது உயரமாக, மெலிதாக இருக்கும். அந்த ‘இரண்டு விரல்’ வேலையைச் செய்வது குறுக்கே போகும் பர்லின்களும், பர்லினிலிருந்து உத்தரத்தின் கீழ்விளிம்புக்கு வரும் சிறிய சாய்வுக் கம்பிகளும்தான். பார்வைக்கு அற்பமான இந்தச் சாய்வுக் கம்பிகளை ‘அப்புறம் மாட்டிக்கலாம்’ என்று ஒதுக்குவது வழக்கம். அவை இல்லாவிட்டால் உத்தரம் அதன் முழு நீளத்துக்கும் பிடிமானம் இல்லாத ஸ்கேல்தான். அழுத்தத்தில் நிற்கும் மெலிந்த கம்பி ஒன்றைப் பிடிமானமில்லாமல் விடும் நீளம் இரண்டு மடங்கானால், அது நெளியாமல் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகிவிடும். 18-ம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற சுவிட்சர்லாந்துக் கணித மேதை கண்டுபிடித்த கணக்கு இது. இன்றும் எல்லா இரும்புக் கட்டடத்துக்கும் அதுவே அடிப்படை.

இன்னொன்று. பக்கத்து ஊர் சிவகாசி தீப்பெட்டியையே எடுத்துக்கொள்ளலாம். குச்சி வைக்கும் உள்பெட்டியை உருவிவிட்டு வெளிக்கூட்டை மட்டும் மேசையில் நிறுத்தி, மேல்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்து படுத்துவிடும். உள்பெட்டியைத் திரும்பச் செருகிவிட்டுத் தள்ளுங்கள், அசையாது. ஷெட்டின் நீளவாக்கில் அந்த உள்பெட்டி வேலையைச் செய்வதுதான் சுவரிலும் கூரையிலும் போடும் எக்ஸ் வடிவ பிரேசிங். அகலவாக்கில் தூணும் உத்தரமும் சேர்ந்த சட்டம் தானாகவே விறைப்பாக நிற்கும். நீளவாக்கில் அதற்குச் சொந்தமாக எந்த பலமும் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். பாதியில் நிற்கும் ஷெட்டுகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே திசையில் சாய்வதற்குக் காரணம் இதுதான்.

போய்ஸியில் நடந்தது

நம்மூர் ஷெட்டுகளோடு நேரடியாக ஒப்பிடக்கூடிய ஒரு விபத்து, 2024 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் போய்ஸி விமான நிலையத்தில் நடந்தது. தனியார் விமானங்களை நிறுத்துவதற்கான ஹேங்கர். தயாராக வந்து இறங்கி, இடத்தில் போல்ட் போட்டு நிறுத்தும் அதே வகை இரும்புச் சட்டம். அளவு மட்டும்தான் பெரியது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மொத்தச் சட்டமும் சரிந்தது. 3 பேர் இறந்தார்கள், 9 பேர் காயமடைந்தார்கள்.

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா சில மாதங்கள் விசாரித்துச் சொன்னவற்றில் புரியாத தொழில்நுட்பம் எதுவும் இல்லை. போதுமான பிரேசிங் இல்லை. முறுக்கேற்றிய தாங்கு கம்பிகளும் போதவில்லை. அதைவிட முக்கியமானது இது: கட்டமைப்பு முன்கூட்டியே எச்சரித்திருக்கிறது. உத்தரங்கள் வளைந்திருந்தன, சட்டங்கள் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லை, தாங்கு கம்பிகள் அறுந்திருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்த பிறகும் வேலை தொடர்ந்தது.

ஒரு தாங்கு கம்பி அறுந்தால் நம் சைட்டில் என்ன நடக்கும்? பெரும்பாலும் அந்த இடத்தில் வேறொரு கம்பி கட்டப்படும். ‘ஏன் அறுந்தது?’ என்ற கேள்வி எழாது. அறுந்த கம்பி ஒரு தகவல். நினைத்ததைவிட அதிக விசை அந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று அது சொல்கிறது.

சரி, வரிசை எப்படி இருக்க வேண்டும்?

வரிசை தரையிலிருந்தே தொடங்குகிறது. தூண் உட்காரும் அஸ்திவாரக் கான்கிரீட் எவ்வளவு வயதானது என்பதே முதல் கேள்வி. ஓஷா விதிப்படி, கான்கிரீட் அதன் வடிவமைப்பு வலிமையில் குறைந்தது 75 சதவீதத்தை எட்டியதற்கான சோதனை முடிவு எழுத்தில் கைக்கு வராமல் இரும்பு நிறுத்தும் வேலையைத் தொடங்கவே கூடாது. நம்மூரில் ‘ஏழு நாள் ஆச்சுல்ல’ என்பதுதான் சோதனை. க்யூப் டெஸ்ட்டுக்கு ஆகும் செலவு, கிரேனின் ஒரு நாள் வாடகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது ஆங்கர் போல்ட். சிறிய ஷெட் என்றால் தூணுக்கு இரண்டு போல்ட் போதும் என்று சிக்கனம் பிடிப்பவர்கள் உண்டு. முடிந்த கட்டடத்தின் கணக்குக்கு அது போதுமானதாகக்கூட இருக்கலாம். ஆனால், இரண்டு போல்ட் ஒரே கோட்டில் இருந்தால் அந்தக் கோடு ஒரு கீல் மாதிரி. தூண் தனியாக நிற்கும் அந்தச் சில மணி நேரத்தில் அதன்மேல் ஓர் ஆள் ஏறினாலே கீல் திறந்துகொள்ளும். அதனால்தான் தூணுக்குக் குறைந்தது 4 போல்ட் என்று ஓஷா வைத்திருக்கிறது. தூணின் வெளிமுகத்திலிருந்து 18 அங்குலம் தள்ளி, உச்சியில் 300 பவுண்டு (சுமார் 136 கிலோ) எடையை எந்தப் பக்கம் தொங்கவிட்டாலும் அடிப்பகுதி தாங்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். கருவிகளோடு ஏறித் தொங்கும் ஒரு மனிதரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. போல்ட் அச்சு தவறிவிட்டால் வெல்டரைக் கூப்பிட்டுச் சூடுபடுத்தி வளைப்பது, பேஸ் பிளேட்டின் ஓட்டையை கேஸ் கட்டிங்கில் பெரிதாக்குவது எல்லாம் சைட்டில் சர்வசாதாரணம். இன்ஜினீயர் ஒப்புதல் இல்லாமல் இரண்டையும் செய்யக் கூடாது.

இப்போது முதல் சட்டம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கிரேன் நுழைய வசதியான மூலையிலிருந்து, அதாவது வாசல் பக்கத்திலிருந்து வரிசையாக ஏற்றிக்கொண்டே போவது வழக்கம். சரியான முறை, வரைபடத்தில் எந்த இரண்டு சட்டங்களுக்கு இடையே எக்ஸ் பிரேசிங் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குவது. அந்த இரண்டு சட்டங்களையும் நிறுத்தி, இடையில் பர்லின், சுவர்ப்பக்கக் குறுக்குச் சட்டம், கூரை பிரேசிங், சுவர் பிரேசிங் எல்லாவற்றையும் மாட்டி, தூக்குக்குண்டு பார்த்து நேராக்கி, போல்ட்டை முடுக்கிவிட்டால் அது தானாக நிற்கும் ஒரு பெட்டியாகிவிடும். நாலு கால் நாற்காலி மாதிரி. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சட்டமும் அந்தப் பெட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் பெட்டியை முடிக்காமல் ஐந்தாறு சட்டங்களை வெறுமனே நிறுத்தி வைப்பது, ஒற்றைக்காலில் நிற்கும் ஆறு பேரைக் கைகோத்து நிற்கச் சொல்வதுபோல. ஒருவர் விழுந்தால் மற்ற ஐவரையும் இழுத்துக்கொண்டுதான் விழுவார்.

இந்தப் பெட்டி முழுமையாகும்வரை சட்டங்களைப் பிடித்திருக்க வேண்டியது தாங்கு கம்பி. மின்கம்பத்துக்குப் போடும் ஸ்டே கம்பி மாதிரிதான். சட்டத்தின் இரு பக்கமும், நீளவாக்கில். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் அது தாங்காது, இழுத்துச் சாய்க்கும். கம்பியின் கீழ்முனையை எதில் கட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தாலே காண்ட்ராக்டரின் தரம் தெரிந்துவிடும். தரையில் அடித்த ஒரு கம்பி முளை, நிறுத்தியிருக்கும் லாரியின் சக்கரம், பக்கத்து வேப்பமரம் எல்லாம் பிடிமானமாகிவிடுகின்றன. கரிசல் மண்ணில் அடித்த முளை, ஒரு மழைக்குப் பிறகு கையாலேயே பிடுங்க வரும். கான்கிரீட் பிளாக் அல்லது ஏற்கெனவே இறுகிய அஸ்திவாரம்தான் பிடிமானம். கம்பியை முறுக்க டர்ன்பக்கிள் வேண்டும். சணல் கயிறோ நைலான் கயிறோ இந்த வேலைக்கு உதவாது, இரண்டும் இழுபடும்.

பிறகு வருவது ஆபத்தான நொடி. உத்தரத்தைத் தரையிலேயே துண்டு துண்டாகப் பூட்டி, கிரேன் தூக்கி, தூண் தலையில் உட்கார வைக்கிறது. மேலே இருப்பவர் இரண்டு போல்ட்டைச் செருகிவிட்டுக் கீழே சைகை காட்டுகிறார். கிரேன் கொக்கி கழல்கிறது. அதுவரை கிரேன் செய்துகொண்டிருந்த ‘பிடிக்கும்’ வேலையை அந்த நொடியிலிருந்து யார் செய்கிறார்கள்? பதில் இல்லையென்றால் கொக்கியைக் கழற்றக் கூடாது. தயார்நிலைச் சட்டங்களுக்கு ஓஷா சொல்வது: இணைப்பில் இருக்கும் போல்ட்களில் பாதி, அல்லது தயாரிப்பாளர் குறிப்பிட்ட எண்ணிக்கை, இரண்டில் எது அதிகமோ அது, தகட்டின் இரண்டு பக்கமும் விளிம்பை ஒட்டி மாட்டி முடுக்கிய பிறகே கிரேனை விடுவிக்கலாம். அதோடு உத்தரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கத் தாங்கு கம்பியோ, முந்தைய சட்டத்தோடு இணைக்கும் பர்லின்களோ இருக்க வேண்டும். எத்தனை பர்லின் மாட்டிய பிறகு என்பதை வடிவமைப்பாளர் எண்ணிச் சொல்ல வேண்டும். சைட்டில் ஊகிக்கிற விஷயமல்ல அது.

கிரேன் வாடகை மணிக்கணக்கில் ஓடுவதால் கொக்கியைச் சீக்கிரம் கழற்றும் அவசரம் புரிகிறது. அதற்கு வழி, தூக்குவதற்கு முன்பே எல்லா பர்லினையும் எண் போட்டு, மாட்டும் வரிசைப்படி தரையில் அடுக்கி வைப்பதும், போல்ட் பைகளைத் தனித்தனியாகக் கட்டி வைப்பதும்தான். ‘அந்த சைஸ் போல்ட் எங்கடா’ என்று மேலிருந்து கத்திக்கொண்டிருக்கும் நேரம்தான் கிரேன் வாடகையைத் தின்கிறது.

கிரேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மூர் சைட்டுகளுக்கு வருவது பெரும்பாலும் ‘ஹைட்ரா’ என்று எல்லோரும் அழைக்கும், தூக்கியபடியே நகரும் கிரேன். ‘14 டன் வண்டி’ என்றால் எந்த நிலையிலும் 14 டன் தூக்கும் என்று அர்த்தம் இல்லை. பூம் நீள நீள, சுமை வண்டியை விட்டுத் தள்ளிப் போகப் போக, திறன் மளமளவென்று குறையும். சுமையோடு வண்டியைத் திருப்பும்போது, மேடுபள்ளத்தில் போகும்போது கவிழும் வாய்ப்பு அதிகம். ஆபரேட்டர் கேபினில் இருக்கும் லோடு சார்ட்டைத் தூக்குவதற்கு முன் ஒருமுறை பார்க்கச் சொல்வது மரியாதைக் குறைவல்ல. பக்கத்தில் போகும் மின்கம்பியையும் பார்க்க வேண்டும். 50 கிலோவோல்ட் வரையிலான கம்பிக்கு 10 அடி தூரமாவது தேவை என்பது அமெரிக்க விதி. சங்கடம் என்னவென்றால், கிரேன் பூம் அந்தக் கம்பியைத் தொடும் வரை எல்லோருடைய கண்ணும் உத்தரத்தின் மேல்தான் இருக்கும்.

கடைசியாக ஷீட். எல்லா பிரேசிங்கும் முடுக்கிய பிறகே ஷீட் ஏற வேண்டும். ஷீட் மாட்டினால்தான் கட்டடத்துக்கு விறைப்பு வரும் என்று சொல்கிற மேஸ்திரிகள் உண்டு, பாதி உண்மை. ஷீட் வந்த மறுநொடியே கட்டடம் ஒரு பாய்மரமும் ஆகிவிடுகிறது. அதுவரை இடைவெளிகளில் புகுந்து போன காற்று, இனி மோதும். ஷீட் கட்டு மொத்தத்தையும் கிரேனில் தூக்கி, இரண்டு சட்டங்களுக்கு நடுவில் பர்லின் மேல் இறக்கி வைப்பது இன்னொரு பெரிய தவறு. பர்லின் தாங்கும் என்று போட்ட கணக்கு, விரித்துப் பரப்பிய ஷீட்டுக்கானது. கட்டாகக் குவித்த டன் கணக்கான எடைக்கு அல்ல. இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் உத்தரத்துக்கு நேர் மேலே, சிறு கட்டுகளாக இறக்க வேண்டும்.

ஆடிக்காற்றும் அம்மியும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடி. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்குகளில் புகுந்து வீசும் ஆனி, ஆடி மாதங்களில் ஷெட் வேலைக்கு நாள் குறிப்பவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதோடு காற்றையும் பார்ப்பது நல்லது. இந்தியத் தர நிர்ணயத்தின் காற்றுச் சுமைக்கான விதித்தொகுப்பு (ஐ.எஸ். 875, பகுதி 3) மதுரைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 140 கி.மீ. கட்டிக்கொண்டிருக்கும் நிலையில் உள்ள கட்டமைப்புகளைக் குறுகிய ஆயுள் கொண்டவையாகக் கருதி, இந்த வேகத்தைக் குறைத்துக்கொள்ள அதே விதித்தொகுப்பு அனுமதிக்கிறது. குறைக்கலாம், பூஜ்ஜியமாக்க அனுமதி இல்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 14 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கொடுக்கும். 6 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள ஒரு ஷீட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கூரைமேல் நிற்பவரை அது 80 கிலோவுக்கு மேல் தள்ளுகிறது. அவரே அவ்வளவு எடை இருக்க மாட்டார்.

அன்றன்றைக்கு மாலை வேலையை எந்த நிலையில் நிறுத்துவது என்பதும் வரிசைத் திட்டத்தின் பகுதிதான். இரவு காற்றுக்கு யாரும் காவல் இருக்கப் போவதில்லை. ஒரு சட்டம் பாதி பர்லினோடு தொங்கிக்கொண்டிருக்கும்போது ‘மீதி காலையில பாத்துக்கலாம்’ என்று கிளம்பினால், அந்த இரவு முழுக்க அது அதிர்ஷ்டத்தில் நிற்கிறது.

வெயிலும் கணக்கில் வரும். 48 மீட்டர் நீள இரும்பு, 20 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் சுமார் 11 மில்லிமீட்டர் நீளும். மதியம் ஒன்றரை மணிக்கு அடிக்கும் வெயிலில் நேர் பார்த்து முடுக்கிய சட்டம், காலையில் வந்து பார்த்தால் சற்றே விலகியிருக்கும். அளவெடுப்பதைக் காலை வேளையில் வைத்துக்கொள்வது இதனால்தான்.

இடையில் சரிசெய்யப் போய்...

பெரிய விபத்துகளில் பல, முதலில் போட்ட வரிசையால் வந்தவை அல்ல. ஏதோ ஒன்று பொருந்தாமல் போக, அதைச் சரிசெய்யப் போட்ட திடீர் யோசனையால் வந்தவை. இதற்கு உலகம் முழுக்க இன்ஜினீயரிங் மாணவர்கள் படிக்கும் உதாரணம், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கட்டப்பட்ட வெஸ்ட் கேட் பாலம்.

அங்கே இரும்புப் பெட்டி வடிவ உத்தரத்தை நீளவாக்கில் இரண்டு பாதிகளாகத் தரையில் செய்து, தனித்தனியாக மேலேற்றி, உயரத்தில் வைத்து ஒன்றாக இணைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மேலே போன பிறகு பார்த்தால் இரண்டு பாதிகளின் உயரத்திலும் சுமார் 11 செ.மீ. வித்தியாசம். உயர்ந்திருந்த பாதியை அமுக்கிச் சமமாக்க, தலா 8 டன் எடையுள்ள 10 கான்கிரீட் பிளாக்குகளை அதன்மேல் ஏற்றினார்கள். தகடு நெளிந்து புடைத்தது. புடைப்பை நேராக்க, இணைப்பிலிருந்த போல்ட்களைக் கழற்றத் தொடங்கினார்கள். 1970 அக்டோபர் 15 அன்று காலை 11.50 மணிக்கு 112 மீட்டர் நீள உத்தரம் கீழே விழுந்தது. பாலத்தின் அடியில் தொழிலாளர்களின் குடில்கள் இருந்தன. 35 பேர் இறந்தனர்.

ஒவ்வொரு படியையும் தனியாகப் பார்த்தால் சைட்டில் தினமும் நடப்பதுதான். உயரம் சரியில்லை, எடை வை. நெளிந்துவிட்டது, போல்ட்டைத் தளர்த்து. நம் ஷெட் வேலையில் ‘ஓட்டை சேரல, கிரேன்ல கொஞ்சம் இழுத்துப் பிடி’ என்று சொல்வதும் இதே குடும்பம்தான். இழுத்துப் பிடித்துப் போட்ட போல்ட், வடிவமைப்பாளருக்குத் தெரியாத ஒரு விசையை உள்ளே பூட்டி வைத்துவிடுகிறது.

டெல்லி மெட்ரோவின் ஜம்ருத்பூர் விபத்திலும் இதன் இன்னொரு முகம் உண்டு. 2009 ஜூலை 12 அன்று, கட்டுமானத்தில் இருந்த தூணின் தலைப்பகுதி உடைந்து, உத்தரம் ஏற்றும் ராட்சத இயந்திரத்தோடு சரிந்தது. 6 பேர் இறந்தனர். மறுநாள் அந்த இடிபாட்டை அகற்ற வந்த கிரேன்களும் சாய்ந்து மேலும் சிலர் காயமடைந்தார்கள். விழுந்ததை எடுப்பதற்கும் வரிசை உண்டு. அவசரத்தில் அதை யோசிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் நமக்கு ராமேஸ்வரத்திலேயே இருக்கிறது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியைக் கரையில் பூட்டி, கடல் நடுவே அதன் இடத்துக்கு நகர்த்திக் கொண்டுபோக மாதக்கணக்கில் ஆனது. சிறிது நகர்த்து, நிறுத்து, அளவெடு, பிறகு நகர்த்து. வெளியிலிருந்து பார்த்தவர்கள் ‘இன்னுமா முடியல?’ என்றார்கள்.

“பின்னாடி ரெண்டு கண்ணி சேக்கணும்”

தளவாய்புரம் மாதிரி ஊர்களில் புது ஷெட்டைவிட, இருக்கும் ஷெட்டை நீட்டுவதுதான் அடிக்கடி நடக்கும். தீபாவளி சீஸனுக்கு முன்னால் இடம் போதவில்லை என்றால் பின்பக்கச் சுவரைப் பிரித்து இரண்டு கண்ணி சேர்ப்பார்கள். அந்தக் கடைசிக் கண்ணியில்தான் பல ஷெட்டுகளின் பிரேசிங் இருக்கும். ‘வழிய மறைக்குது’ என்று முதலில் அறுப்பதும் அதைத்தான். உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, பெண்கள் தைத்துக்கொண்டிருக்க, மொத்த ஷெட்டையும் நீளவாக்கில் பிடித்திருந்த கம்பி கீழே கிடக்கும். ஷெட் அப்போதே விழாது, அதனால் தவறு தெரியாது. புதிய பிரேசிங்கை வேறிடத்தில் மாட்டி முடுக்கிய பிறகே பழையதைத் தொட வேண்டும்.

லாரி உள்ளே வர ஷட்டர் வைப்பதற்காகச் சுவர் பிரேசிங்கை வெட்டுவதும் இதே கதைதான். அதற்கு மாற்றாக வாசலைச் சுற்றி விறைப்பான சட்டம் போடும் வழி இருக்கிறது. வடிவமைத்தவரிடம் கேட்டால் வரைந்து கொடுப்பார்.

காசு யாருடையது, பொறுப்பு யாருடையது?

இரும்பு வேலைக்கான கூலி பெரும்பாலும் கிலோ கணக்கு. எத்தனை டன் நிறுத்தினார்களோ அத்தனைக்குப் பணம். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. தாங்கு கம்பி, தற்காலிக முட்டு, டர்ன்பக்கிள், லைஃப்லைன் எதுவும் முடிந்த ஷெட்டின் எடையில் சேராது. மாட்டிக் கழற்றும் வேலைக்குக் கிலோ ரேட்டில் கூலி கிடையாது. ஆக, ஒழுங்காகத் தாங்கு கம்பி கட்டுகிற காண்ட்ராக்டர் தன் கைக்காசைச் செலவழிக்கிறார். கட்டாதவர் குறைந்த ரேட் கொடுத்து ஆர்டரைத் தட்டிக்கொண்டு போகிறார். இதை மாற்றக்கூடியவர் ஷெட் முதலாளிதான். ஒப்பந்தத்தில் தற்காலிக பிரேசிங்குக்கும் பாதுகாப்புச் சாதனங்களுக்கும் தனியாக ஒரு வரி, தனியாக ஒரு தொகை. “இத எழுதிக் குடுங்க தம்பி, காசு தாரேன்” என்று சொன்னால் எழுதிக் கொடுப்பார்கள்.

எழுத வேண்டியது பெரிய புத்தகம் அல்ல. இரண்டு மூன்று பக்கம், கையால் வரைந்த படங்கள் போதும். எந்தக் கண்ணியில் தொடக்கம், ஒவ்வொரு கட்டத்திலும் எது நிற்கிறது, எது அதைப் பிடித்திருக்கிறது, எந்தத் துண்டு எத்தனை கிலோ, கிரேன் எங்கே நிற்கும், கொக்கி எப்போது கழலும், எந்தக் காற்றில் வேலை நிற்கும், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு. கடைசியில் சொன்னதுதான் சைட்டில் முதலில் காணாமல் போவது. வழிகாட்டத் தமிழகத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. இரும்புக் கட்டமைப்புகளை நிறுத்துவதற்கென்றே ஐ.எஸ். 7205 என்ற இந்தியப் பாதுகாப்பு விதித்தொகுப்பு 1974-லிருந்து இருக்கிறது. இரும்புக் கட்டடங்களுக்கான பொது விதித்தொகுப்பான ஐ.எஸ். 800-ம் எரக்‌ஷன் பற்றிப் பேசுகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, ‘இது ஃபேக்டரி, கட்டுமானத் தொழிலாளர் சட்டம் வராது’ என்ற வாதம் நெடுநாள் ஓடியது. 2016-ல் லான்கோ அன்பரா பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது: கட்டி முடித்து உற்பத்தி தொடங்கும்வரை அது ஃபேக்டரி அல்ல, கட்டுமான இடம்தான், 1996-ம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டத்தின் இடத்தை, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறது. பெயர் மாறினாலும், வேலைசெய்கிறவரின் உயிருக்கு வேலை கொடுக்கிறவரும் பொறுப்பு என்பது மாறவில்லை.

அந்தச் சட்டம் அமலுக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2025 செப்டம்பர் 30 அன்று, எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டத்தில் இரும்பு வளைவு சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் அசாமிலிருந்து வந்தவர்கள். அது 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட அரசுத் திட்டம். அதிகாரிகள், இன்ஜினீயர்கள், ஒப்பந்த அடுக்குகள் எல்லாம் உள்ள இடம். தளவாய்புரத்து ஷெட் சைட்டில் அத்தனை அடுக்குகள் கிடையாது. முதலாளி, காண்ட்ராக்டர், கிரேன் ஆபரேட்டர், மேலே நிற்கும் நாலு பேர். அவ்வளவுதான்.

மேலே நிற்பவரின் பெல்ட்

அந்த நாலு பேரும் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று கீழிருந்து பார்ப்பது எளிது. பெல்ட்டின் கொக்கி எதில் மாட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. கைக்கு எட்டும் பர்லினில் மாட்டியிருப்பார்கள். பர்லின் மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது; விழும் மனிதரை உலுக்கி நிறுத்தும் விசைக்கு அது வடிவமைக்கப்படவில்லை. தகுதியுள்ள வல்லுநர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாதவரை பர்லினில் பெல்ட் மாட்டக் கூடாது என்று ஓஷா விதி சொல்கிறது. உத்தரத்தைத் தரையில் பூட்டும்போதே, அதன் மேல்விளிம்பில் லைஃப்லைன் கம்பிக்கான குத்துக்கால்களைப் பொருத்தி, கம்பியையும் கட்டிவிட்டுத் தூக்கினால், மேலே போகிற முதல் ஆளுக்கே மாட்டுவதற்கு இடம் இருக்கும். தரையில் இந்த வேலையை முடித்துவிடலாம். மேலே போய்க் கட்ட வேண்டுமென்றால், கட்டப் போகிறவர் எதில் மாட்டிக்கொள்வார்?

பழைய ஷெட்டை விலைக்கு வாங்கிப் பிரித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இதே வரிசை தலைகீழ். முதலில் ஷீட், பிறகு பிரேசிங் இல்லாத கண்ணிகள் ஒவ்வொன்றாக, தாங்கு கம்பி கட்டி, கிரேன் பிடித்த பிறகே போல்ட். எக்ஸ் பிரேசிங் உள்ள பெட்டி கடைசியில்தான் இறங்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டை கேஸ் கட்டரில் அறுக்கும்போது, அறுபட்ட பிறகு அந்த எடை எங்கே போகும் என்று அறுப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.